எட்டே முக்கால் மணிப் பள்ளம்

அவர் சந்தோஷப்படுவதை முதல்முறை கேட்டபோது, ஏதோ விலையுயர்ந்த பொருள் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆய்வகத்துக்குள்ளிருந்து "தப்பு, தப்பு, தப்பு" என்று குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மீட்டரை மூடி வெச்சாலும் கொஞ்சம் வெளிச்சம் காட்டிக்கினு கீதுணா. மூணு வாரமா அதையும் சேத்து எழுதிக்கினு இருந்திருக்கேன்."

"இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது மேடம்?"

"இன்னாணா இப்டி கேக்குற? தப்பு மாட்டிக்கிச்சுல்ல? மாட்டாம இருந்திருந்தா?"

மூன்று வாரக் கணக்கை அன்று மாலைக்குள் அழித்துத் திருத்தினார். வீட்டுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. துறைமுகச் சாலையை ஒட்டி, கல்மண்டபத்துக்கு அருகில் இருந்த ஒரு சிறிய கல்லூரியில் அவர் இயற்பியல் விரிவுரையாளர்; நான் அதே துறையின் ஆய்வக உதவியாளர். இரண்டாயிரங்களின் கடைசி ஆண்டுகள் அவை. அவரைவிட நான் இரண்டு வயது மூத்தவன், அதனால் எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் அண்ணா. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார், அண்ணன்கள் இருவரும் கால்பந்து ஆடினார்கள். வகுப்பிலும், கருத்தரங்கிலும், முதல்வர் அறையிலும் அவர் பேசியது ஒரே தமிழ்தான். ஒருமுறை வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், "உங்கள் முடிவு சரிதானா?" என்று மேடையில் கேட்டார். "இது தப்பா கீறதுக்கு மூணு வழி கீது சார், சொல்லட்டா?" என்று தொடங்கி, விருந்து சாப்பாட்டை விவரிப்பதுபோல மூன்றையும் விவரித்தார். முதல்வர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேராசிரியரோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

நான் அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிறவன். வந்த நேரம், போன நேரம், பூட்டைத் திறந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். இப்போதும் அந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் செய்த ஆராய்ச்சியை எனக்கு அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். ஊதா லேசர் ஒன்று ஒரு படிகத்தில் விழும். எப்போதாவது ஒரு ஊதாத் துகள் உடைந்து இரண்டு சிவப்புத் துகள்களாகும். அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் இரட்டை ஒளித்துகள்கள். அந்த இரண்டையும் தலைமுடியைப் போன்ற இரண்டு கண்ணாடி இழைகளில் ஏற்றி, விரல்நகம் அளவுள்ள ஒரு சிப்புக்குள் அனுப்பவேண்டும். சிப்புக்குள் முடியைவிடப் பலமடங்கு மெல்லிய இரண்டு ஒளித்தடங்கள். ஓரிடத்தில் அவை மிக நெருங்கி, உரசுவதுபோல ஓடி, மீண்டும் பிரியும். அந்த நெருக்கத்தில் ஒரு துகள் எந்தத் தடத்துக்கும் தாவலாம். தனியாக வந்தால் பாதி வாய்ப்பு இந்தப் பக்கம், பாதி வாய்ப்பு அந்தப் பக்கம். ஆனால் இரட்டையர் இருவரும் சரியாக ஒரே கணத்தில் அங்கே சந்தித்தால், ஆளுக்கொரு பக்கம் பிரியவே மாட்டார்கள். இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரே பக்கம்தான் போவார்கள்.

டீக்கடையில் இதை அவர் விளக்கியபோது மாஸ்டர் கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே, "தோஸ்துங்களாம்மா?" என்றார்.

"தோஸ்து இல்ல மாமு. தோஸ்துன்னா நீ வேற, அவன் வேற. இது எது எதுன்னு ஆண்டவனாலயும் சொல்ல முடியாது. அதான் விஷயமே."

"அப்ப போலீஸுக்கு பேஜாரு."

"போலீஸு நான்தான்" என்றார் அவர்.

சிப்பின் வெளிவாசல் ஒவ்வொன்றிலும் ஒரு டிடெக்டர், ஒற்றைத் துகள் விழுந்தாலும் ஒரு சொடுக்கு. இரண்டிலும் ஒரே சமயத்தில் விழுவதை மட்டும் தனியாக எண்ண ஒரு பெட்டி. அதை அவரே ஈயப்பற்று வைத்துச் செய்தார், நாங்கள் அதை ஜோடிப் பெட்டி என்றோம். ஒரு இழையின் பாதையை ஒரு திருகால் பத்து பத்து மைக்ரானாக, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக, நீட்டிக்கொண்டே போகவேண்டும். இரண்டு துகள்களின் பயண தூரமும் சமமாகும் இடம் வந்தால், பிரிந்து போகிறவர்கள் இல்லாமல் ஜோடிப் பெட்டியின் எண்ணிக்கை சரிந்து விழும். வரைபடத்தில் ஒரு பள்ளம். அது பாதிக்கும் கீழே இறங்கவேண்டும். சாதாரண ஒளி எத்தனை வித்தை காட்டினாலும் பாதிக்குக் கீழே இறக்க முடியாது.

இதுபோன்ற வேலையை மற்ற ஊர்களில் இரவில் செய்வார்களாம், நகரம் அடங்கியபிறகு. எங்கள் பக்கம் இரவில்தான் விழிக்கும். இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு ஊரும். ஒவ்வொன்று கடக்கும்போதும் தரை நடுங்கும், இழைக்கும் சிப்புக்கும் உள்ள ஒட்டு விலகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகக் காலை எட்டிலிருந்து பத்து வரை லாரிகளை நிறுத்திவைப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்களுடைய நடுநிசி.

சாவி என்னிடம் இருந்தது. நான் கொருக்குப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவேன். ஏழு ஐம்பதுக்குப் பூட்டைத் திறப்பேன். லேசர் சூடேற இருபத்தைந்து நிமிடம். எட்டே காலுக்கு முதல் அளவு. அறுபத்தொரு இடங்கள், இடத்துக்கு ஒரு நிமிடம், ஒன்பது பதினாறுக்கு முடியும். நாட்குறிப்பில் எழுபத்துச் சொச்சம் நாள்களுக்கு "8.15" என்றே இருக்கிறது. ஒரு நாள்கூட 8.16 இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"உன்ன வெச்சு துறைமுகத்துல கடிகாரம் திருத்தலாம்ணா" என்பார்.

அவரிடம் ஒரு வாசகம் இருந்தது. நல்ல செய்தி எது வந்தாலும், "சந்தோஷம்" என்பார். ஒரு மூச்சு விடுவார். பிறகு, "இப்ப சந்தேகப்படுவோம்" என்பார். அவருடைய வேலையை நிரந்தரமாக்கும் ஆணை வந்த அன்றும் அதைத்தான் சொன்னார். அலுவலகமே கைதட்டியது. அவர் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார், மூன்றாம் முறையும் படித்தார். துறை என்ற இடத்தில் வேதியியல் என்று இருந்தது. அதே பெயருள்ள இன்னொரு விரிவுரையாளருக்கு வந்த ஆணை அது. தானே நடந்துபோய் அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, "அவங்க அழுதுட்டாங்கணா, பார்க்கவே நல்லா இருந்திச்சு" என்று வந்து நின்றார். அப்படியே பேசாமல் இருந்திருந்தால் ஒரு வாரமாவது நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்றேன். "தூங்கிட்டு?" என்று கேட்டார். கோபமாக அல்ல. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எழுபது நாள் ஒட்டையும் டிடெக்டர்களையும் மட்டும் சரிபார்த்தபின், ஜோடிப் பெட்டியைச் சேர்த்து ஓட்டிய முதல் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளம் விழுந்தது. ஒரு நிமிடத்துக்கு இருநூறு இருநூறாகக் காட்டிக்கொண்டிருந்த ஜோடிப் பெட்டி, இருபத்து மூன்றாவது இடத்தில் நூற்றெண்பது என்றது. பிறகு நூற்றைம்பது. முப்பதாவது இடத்தில் நூற்றிருபது. பிறகு ஏறியது. இரண்டு டிடெக்டர்களும் தனித்தனியே காட்டிய எண்ணிக்கை மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. வரைந்தபோது அழகான கிண்ணம், நட்டநடுவில்.

"சந்தோஷம்" என்றார். "இப்ப சந்தேகப்படுவோம். நாளைக்கு திருப்பி ஓட்டு. அறுபத்தொண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு வா. நெசம்னா அதே இடத்துல விழும்."

மறுநாள் பின்னிருந்து முன்னாக ஓட்டினோம். அதே இடத்தில் விழுந்தது. அதற்கு மறுநாளும் விழுந்தது. பாதிக்குக் கீழே இறங்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. ஒட்டைச் சரிசெய்தால் அது தானாக இறங்கும் என்று அவருடைய நெறியாளர் தொலைபேசியில் சொன்னார். நகரத்தின் தென்கோடியில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர் அவர். டிடெக்டர்கள் இரண்டும் அங்கிருந்து வந்த இரவல். அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவை திரும்பிப் போகவேண்டும், வேறொரு மாணவர் காத்திருந்தார். அதற்குள் பள்ளம் உறுதியானால் கட்டுரை, கட்டுரை வந்தால் முனைவர் பட்டம். இல்லையென்றால் நான்கு ஆண்டு வேலைக்குக் கையில் ஒன்றும் இல்லை. நெறியாளர் கட்டுரையின் முதல் பத்தியை எழுதவே தொடங்கிவிட்டார்.

நான் தாமதமாக வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டது. அது நகர்ந்ததும் எதிர்த்தடத்தில் இன்னொன்று வந்தது. கல்லூரிக்குள் சைக்கிளை விட்டபோது மணி எட்டு எட்டு. அவர் ஆய்வகப் படிக்கட்டில் குந்தியிருந்தார். கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டது என்றேன்.

"எல்லாரும் வண்டிக்கு அடியில குனிஞ்சு வந்துருப்பாங்களே?"

"வந்தார்கள். நான் வரவில்லை."

"நீ வரமாட்ட. தெரியும். சைக்கிள மட்டுமாவது குனிய வெச்சிருக்கலாம்."

சிரிக்க எனக்குத் தெம்பு இல்லை. முதல் அளவு எடுத்தபோது மணி 8.33. நாட்குறிப்பில் அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அளவுகளை எழுதத் தொடங்கியதுமே என் கை நின்றது. ஐந்தாவது இடத்தில் நூற்றெண்பது. பன்னிரண்டில் நூற்றிருபது. இருபதில் மறுபடி இருநூறு. நடுவே வந்தபோது, பள்ளம் இருக்கவேண்டிய முப்பதாவது இடத்தில், இருநூற்று மூன்று.

நான்தான் எதையோ அசைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவசரத்தில் இடித்திருப்பேன். "மன்னிச்சிடுங்க மேடம், இன்னிக்கு நாளே என்னால கெட்டுது" என்றேன்.

அவர் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். பிறகு என் நோட்டை இழுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் நான் குறித்திருந்த மணியில் விரலை வைத்தார். போன வாரப் பக்கத்தில் இன்னொரு விரல். இரண்டு விரலும் ஒரே மணியில் நின்றன. எட்டே முக்கால்.

"அண்ணா" என்றார். மிக மெதுவாகச் சொன்னார். "பள்ளம் அந்த இடத்துல இல்லணா. அந்த டைம்ல கீது."

பிறகு மேசையைத் தட்ட ஆரம்பித்தார். "திருப்பி ஓட்டினோமே, அதுலயும் நடுவுலதான் வந்துது. ஏன் வந்துது? முன்னாலேர்ந்து வந்தாலும் பின்னாலேர்ந்து வந்தாலும் நடு நடுதான். நடுவுக்கு வர்றப்போ எப்பவும் எட்டே முக்கால். ஒரு நாளு தவறாம. நீ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு லேட்டா வந்துருந்தா அன்னிக்கே மாட்டிருக்கும்."

என் ஒழுங்கின்மீது யாரும் அப்படிக் குற்றம் சாட்டியதில்லை. அவர் முகத்தில் குற்றச்சாட்டே இல்லை என்பதுதான் வேடிக்கை. தெருவில் பிள்ளைகள் கோல் போட்டுவிட்டு ஓடி வரும்போது இருக்கும் முகம் அது.

எட்டே முக்காலுக்கு என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க மறுநாள் காலை போதுமானதாக இருந்தது. இருவரும் கல்லூரிச் சுவருக்கு வெளியே நின்றோம். காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்துக்குப் பனிக்கட்டி அனுப்பும் ஐஸ் கம்பெனி ஒன்று பின்தெருவில் இருந்தது. எட்டு முப்பத்தேழுக்கு அங்கே கட்டிகளை நொறுக்கும் மோட்டார் ஒன்று உறுமியது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. டீக்கடை பல்பு ஒவ்வொரு உறுமலுக்கும் ஒரு படி மங்கியது. பெட்டிகள் நிரம்பியதும் ஒவ்வொன்றாக நின்றன. பல்பு படிப்படியாகத் தெளிந்தது. கிண்ணத்தின் வடிவம் அதுதான். லேசரும் டிடெக்டர்களும் யு.பி.எஸ்.ஸில் இருந்தன. அதில் இடம் போதாமல் ஜோடிப் பெட்டியை மட்டும் சுவரில் செருகியிருந்தோம். மின்னழுத்தம் குறையும்போதெல்லாம் அது ஜோடிகளைத் தவறவிட்டிருக்கிறது.

ஐஸ் கம்பெனி வாசலில் நின்றிருந்தவர், "இன்னாம்மா, காத்தாலேர்ந்து பாத்துக்கினே கீறீங்க, ஐஸு வோணுமா?" என்றார்.

"வேணாம் நைனா. நீங்க குடுத்ததே போதும்" என்று அவருக்குக் கும்பிடு போட்டார்.

நெறியாளருக்குத் தொலைபேசியில் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். "சார், அது பொய். ஐஸ் மோட்டாரு... இல்ல சார், விளையாடல... ஆமா சார், எழுதினத கிழிச்சிடுங்க." மறுமுனை வெகுநேரம் பேசியது. வைத்துவிட்டுச் சிறிது நேரம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறிது நேரம் மட்டும் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். பட்டம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை அனுப்பிவைத்தது அவரேதான்.

ஜோடிப் பெட்டியை யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றி ஓட்டினோம். வரைபடம் தரைபோலத் தட்டையாக வந்தது.

"பொய்ப் பள்ளம் கெடச்சதும் நெசத்த தேடறத நிறுத்திட்டோம்ணா" என்றார். "திருகு ரெண்டரை சென்டிமீட்டர் ஓடும். நாம பாத்தது அரை மில்லிமீட்டர் சொச்சம். மிச்சத்துல எங்கியோ கீது. இல்ல, இல்லாமலே கீது."

அதற்குப் பிறகான நாள்களை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன். பத்து மைக்ரானுக்குப் பதில் ஐம்பது ஐம்பதாகத் தாவினோம். ஒரு காலைக்கு ஐந்து மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதிலும் ஒரு நாள் மழை நீர் வராந்தாவில் ஏறி மின்சாரமே இல்லை. இரண்டு நாள் ஒட்டு விலகிப் பாதியில் நின்றோம். அவர் ஒவ்வொரு காலையும் நேற்றைய வெறுமையைப் புதிய செய்திபோல அறிவிப்பார்: "பதினஞ்சு மில்லிமீட்டர்ல இல்லன்னு உலகத்துலயே நமக்கு மட்டும்தான்ணா தெரியும்." நானும் என் பங்குக்கு ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே வேறுவேறு நேரத்துக்குத் தொடங்கினேன். 8.04, 8.19, 8.11. எழுதும்போது கை கூசியது.

பட்டம் வாங்கியபின் அவர் வெளிநாடு போய்விட்டார். நான்கைந்து ஆண்டுகள் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் நலம் விசாரிப்பு ஒரு வரி. மீதி இதுதான்: "இங்க ஐஸ் கம்பெனி இல்லணா. டிராம் கீது. ஒம்போது அஞ்சுக்கு வருது. பசங்க யாரும் நம்பல. உன் நோட்டு மாதிரி ஒரு நோட்டு போட வெச்சேன், மாட்டிக்கிச்சு."

ஆனால் எனக்கு அவர் நினைவுக்கு வரும்போதெல்லாம் வருவது அந்த வெள்ளிக்கிழமைதான்.

எட்டு ஐம்பதுக்கே வேன் வந்துவிட்டது. டிடெக்டர்களை ஏற்றிப்போக வந்த டிரைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், வண்ணாரப்பேட்டைக்காரர். "பத்தரைக்குள்ள நான் கெளம்பணும் மேடம்" என்று வாசலிலேயே நின்றார். திருகில் கடைசி மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. அரை நிமிடத்துக்கு ஓர் இடமாக ஓடிக்கொண்டிருந்தோம்.

ஒன்பது ஏழுக்கு ஜோடிப் பெட்டி நூறிலிருந்து அறுபதுக்கு வந்தது. அடுத்த தாவலில் இருபது.

அடுத்ததில் அறுபத்தைந்து. பிறகு நூறு.

"சந்தோஷம்" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது. உடனே எழுந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இட்லியை வேறு தாளுக்கு மாற்றிவிட்டு, மூடியை மட்டும் எடுத்துக்கொண்டார். பள்ளத்தைச் சுற்றி இருபத்தொரு இடங்களைக் குறித்து, ஒன்று முதல் இருபத்தொன்று வரை சீட்டு எழுதி அதில் போட்டார்.

"அண்ணே, உள்ள வாங்க, இப்டி குந்துங்க" என்று டிரைவரை அழைத்தார். "ஒவ்வொண்ணா எடுத்து, எனக்குக் காட்டாம, இவர் காதுல சொல்லுங்க. இவரு அந்த இடத்துக்கு திருகுவாரு. நான் திரும்பி குந்திக்கினு பெட்டிய மட்டும் படிப்பேன். எது எந்த இடம்னு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என் கண்ணு பொய் சொல்லும்."

டிரைவர் என்னைப் பார்த்தார். "சீட்டுக் குலுக்கலா?"

"பரிசு இல்லாத குலுக்கல்" என்றேன்.

அவர் சீட்டை எடுத்தார். என் காதில் "பதினேழு" என்றார். திருகினேன். ஒரு நிமிடம். மேடம் சுவரைப் பார்த்தபடி, "இருநூத்தி ஒண்ணு" என்றார். அடுத்து "நாலு". "நூத்தித் தொண்ணூத்தெட்டு". அடுத்து "பத்து". "நாப்பத்தொண்ணு" என்றார் அவர், சந்தையில் விலை சொல்வதுபோலச் சலனமில்லாமல். இடமும் எண்ணும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று தெரிந்தவன் அந்த அறையில், ஒருவேளை அந்த ஊரிலேயே, நான் ஒருவன்தான். முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக விழுந்த சீட்டுகள் என் நோட்டில் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே வந்தன. பதினொன்றில் முப்பத்தெட்டு. பாதி என்பது நூறு.

கடைசிச் சீட்டு முடிந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தொன்று. "இன்னாணா, சத்தமே காணோம்?" என்றார், இன்னும் திரும்பாமலே. நோட்டை அவர் தோளுக்கு மேல் நீட்டினேன். பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். வழக்கமான அடுத்த வாசகத்துக்காக நான் காத்திருந்தேன். அவருக்கு அது வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிரைவர்தான் மூடியை எடுத்துச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்கு நம்பிக்கை வரல. இன்னொரு தபா எடுக்கட்டா?"

அவர் அந்த மனிதரைப் பார்த்த பார்வையை, கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதியும் என்னால் எழுத முடியவில்லை. "எவ்ளோ நேரம் கீதுணா?" என்று என்னைக் கேட்டார்.

"லாரி விட ஒன்பது நிமிடம்."

"ஒம்போது சீட்டு" என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

இரண்டு. பத்தொன்பது. ஆறு. பதினாறு. எல்லாம் இருநூறை ஒட்டியே நின்றன. ஒன்பதாவது சீட்டைப் பிரித்த டிரைவர் என் காதுக்கு வந்தார். "பதினொண்ணு."

திருகினேன். சாலையில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறும் சத்தம் கேட்டது. நிமிடம் முடிந்தது.

"முப்பத்தாறு" என்றார் அவர். தரை நடுங்கத் தொடங்கியது.